முள்முருங்கை நகரத்தில் ஒரு சிவன் கோயில்

கடலோடிய தடங்கள் – 11

கூட்டேரிப்பட்டு மாதிரி ஒரு கூட்டு ரோட்டில் வளர்ந்தவர்களுக்கு, ஓர் ஊர் எதனால் பிழைக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரிக்குச் சாலை பிரிகிற இடம் அது. பஸ் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள். இறங்கியவருக்கு டீ வேண்டும். மயிலம் முருகனைப் பார்க்கப் போகிறவருக்குப் பூவும் தேங்காயும் வேண்டும். ராத்திரி முழுக்க லாரி ஓட்டி வந்தவருக்குப் பரோட்டாவும் பஞ்சர் கடையும் வேண்டும். சுற்றிலும் ஏரியும் நஞ்சையும் உண்டு என்றாலும், கடைத்தெருவை வளர்த்தது சாலைதான்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் ஊரையும் ஒரு வழிதான் வளர்த்தது. அது கடல்வழி. சீனாவின் தென்கிழக்கு மூலையில், ஃபூஜியன் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது சுவான்சோ. நம் வியாபாரிகள் பொருட்காட்சிக்குப் போய்வருகிற குவாங்சோ வேறு, இது வேறு. 13ஆம் நூற்றாண்டில் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருந்த ஊர். அங்கே தமிழர்கள் சிவனுக்கு ஒரு கோயில் எடுத்தார்கள். தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். கோயில் போய்விட்டது, கல் இருக்கிறது.

இந்தக் கல்லைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் பலர் நேராக ராஜேந்திர சோழனின் கப்பற்படைக்குப் போய்விடுகிறார்கள். சோழர் பெருமையின் கணக்கில் இதையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கல் சொல்லும் கதை வேறு. என் கண்ணுக்கு அது இன்னும் பெரிய கதை.

முதலில் மண்ணைப் பார்த்துவிடுவோம்.

ஃபூஜியன்காரர்கள் தங்கள் மாகாணத்தைப் பற்றி ஒரு வழக்குச் சொல் வைத்திருக்கிறார்கள்: எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல். சுவான்சோவின் வடக்கே சிங்யுவான் மலை நிற்கிறது. தெற்கை ஒட்டி ஜின் ஆறு ஓடிக் கடலில் விழுகிறது. வடகிழக்கே லுவோயாங் என்ற இன்னோர் ஆறு. இரண்டும் சேர்கிற இடத்தில் உள்வாங்கிய விரிகுடா. புயல் நேரத்தில் கப்பல்கள் ஒதுங்க அதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் குறைவு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சீனச் சமவெளிக்குத் தரைவழியாகப் போவது பெரும்பாடு. கடல்வழியாகச் சம்பாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாமின் நடுப்பகுதிக்கு, போவது அதைவிட லேசு. வறட்சியைத் தாங்கி, சீக்கிரம் விளையும் சம்பா நாட்டு நெல் முதலில் ஃபூஜியனில்தான் வேரூன்றியது. 1012இல் சீனாவை ஆண்ட சுங் வம்சத்துப் பேரரசர் அந்த விதைநெல்லை ஃபூஜியனிலிருந்து வரவழைத்து யாங்சே ஆற்றுச் சமவெளிக்கு அனுப்பினார். அந்தக் கரை எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு சாட்சி போதும்.

வயல் குறைந்த ஊர் வேறு எதையாவது விற்றுத்தான் நெல் வாங்க வேண்டும். சுவான்சோவுக்கு மேலே மலைப்பக்கம் தெஹுவாவில் வெண்ணிறப் பீங்கான் சுட்டார்கள். கடலுக்கு அருகே ட்சிஸாவோவில் மலிவுச் சட்டி பானைகளைக் கப்பல் கப்பலாகச் சுட்டுத் தள்ளினார்கள். ஆன்ஷியில் இரும்பு உருக்கினார்கள். எல்லாம் ஆற்றோடு இறங்கி விரிகுடாவுக்கு வரும். அங்கிருந்து கடலுக்கு.

அந்தக் கடலில் காற்று வைத்ததுதான் சட்டம். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். அதைப் பிடித்துத் தெற்கே இறங்க வேண்டும். வெயில் காலத்தில் தென்மேற்குக் காற்று எழும்; அதில் திரும்ப வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல் ஒரே மூச்சில் அங்கே போய்விட முடியாது. வங்கக் கடலைத் தாண்டிக் கடாரத்திலோ சுமத்திராவிலோ கரையேறி, அடுத்த காற்றுக்குக் காத்திருந்து, பிறகு வடக்கே ஏற வேண்டும். காத்திருக்கிற ஊரில் சோறு வேண்டும், கிடங்கு வேண்டும், கும்பிடச் சாமியும் வேண்டும். கடல் வணிகர்கள் போன இடமெல்லாம் கோயிலும் குளமும் தோன்றியதற்குப் பக்தியோடு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

சுவான்சோவின் அதிகாரிகளும் காற்றைக் கும்பிட்டார்கள். ஊருக்கு மேற்கே ஜியூரி என்று ஒரு குன்று. ஆண்டுக்கு இரண்டு தடவை, கப்பல்கள் போகும் பருவத்திலும் வரும் பருவத்திலும், ஊரின் ஆளுநரும் கடல் வாணிப அதிகாரிகளும் அங்கே போய் நல்ல காற்றுக்கு வேண்டிக்கொள்வார்கள். யார் யார் வந்தார்கள், எந்த நாளில் என்று பாறையிலேயே வெட்டி வைப்பார்கள். 1174 முதல் 1266 வரையிலான அந்தக் கல்வெட்டுகளில் பத்து இன்றும் குன்றில் இருக்கின்றன. கப்பல் வந்தால்தான் அரசுக்குச் சுங்கம். சுங்கம் வந்தால்தான் ஊருக்குச் சோறு. வேண்டுதலில் பொய் இருந்திருக்க வழியில்லை.

இந்த ஊரின் பாலம் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. லுவோயாங் ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில், அலையும் ஏற்றவற்றமும் மோதுகிற இடத்தில், 1053இல் தொடங்கி 1059இல் ஒரு கல்பாலம் கட்டி முடித்தார்கள். முடித்தவர் ஆளுநர் ட்ஸை ஷியாங். சீனத்தின் பெரிய கையெழுத்துக் கலைஞர்களில் ஒருவர். முகத்துவாரத்துச் சேற்றில் தூண் நிற்காது. அதனால் முதலில் பாலத்தின் நீளத்துக்கும் ஆற்றின் அடியில் கற்களைக் கொட்டிப் படுகையையே அகலமான ஒரு மேடாக்கினார்கள். அதன் மேல் கற்களை அடுக்கித் தூண்களை எழுப்பினார்கள். அலை வந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்காமல் இருக்க என்ன செய்வது? சுண்ணாம்புக் காரை கடல் தண்ணீருக்குள் இறுகாது. அவர்கள் ஆளி வளர்த்தார்கள். கற்களின் மேல் சிப்பிகள் ஒட்டிப் பெருகி, ஓடு ஓடாகப் படிந்து, இடுக்குகளை நிரப்பி, கல்லோடு கல்லைப் பிணைத்துவிட்டன. அந்த இடத்தில் ஆளி எடுக்கக் கூடாது என்று தடையும் போட்டார்கள். உயிருள்ள சிமெண்டு. பலமுறை பழுதுபார்க்கப்பட்டு அந்தப் பாலம் இன்னும் நிற்கிறது. இதே வட்டாரத்தில் அன்பிங் என்ற இன்னொரு கல்பாலம் உண்டு. 1138 முதல் 1151 வரை கட்டியது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

வெளிநாட்டார் இந்த ஊரை அழைத்த பெயர் சைத்தூன். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அப்படித்தான் எழுதினார்கள். பெயருக்குக் காரணம் ஒரு மரம். 10ஆம் நூற்றாண்டில் லியூ சோங்ஷியாவோ என்ற ஆட்சியாளர் நகரை விரிவாக்கியபோது மதிலைச் சுற்றி ட்ஸிதோங் மரங்களை நட்டார். இலை உதிர்ந்த கிளையில் சிவப்புச் சிவப்பாகக் கொத்தாகப் பூக்கும் மரம். அது வேறெதுவும் இல்லை, நம் கல்யாண முருங்கைதான். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நடுவோமே, சளி பிடித்தால் இலையை அரைத்து அடை தட்டுவார்களே, அந்த முள்முருங்கை. தமிழ்க் கரையிலிருந்து மாதக்கணக்கில் அலைந்து வந்த ஒரு செட்டியாருக்குத் துறையில் இறங்கியதும் கண்ணில் படும் முதல் மரம் சொந்த ஊர் மரமாக இருந்திருக்கும்.

1087இல் சுங் அரசு இங்கே கடல் வாணிப அலுவலகம் ஒன்றைத் திறந்தது. வரும் சரக்கைச் சோதிப்பது, அரசின் பங்கை எடுப்பது, வெளிநாட்டு வணிகருக்கு விருந்து வைத்து வழியனுப்புவது எல்லாம் அதன் வேலை. அதற்கு மறு ஆண்டு, 1088இல், சுமத்திராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் துறையில் நம் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் வங்கக் கடலும் தென்சீனக் கடலும் ஒரே சந்தையாக மாறிக்கொண்டிருந்ததை இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

அந்த அலுவலகத்தில் தலைமை வகித்தவர்களில் ஒருவர் சாவ் ருகுவா. வந்திறங்கிய மாலுமிகளிடமும் வணிகர்களிடமும் கேட்டுக் கேட்டு, 1225இல் வெளிநாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சோழநாட்டுக்கு அதில் தனியிடம் உண்டு. மலபாரைப் பற்றி எழுதும் இடத்தில், அந்தப் பக்கத்துத் தகப்பன் ஒருவரும் அவர் மகனும் சுவான்சோவின் தெற்குப் பகுதியில் குடியிருக்கிறார்கள் என்கிறார். 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடல்வழியாக வந்த இந்தியத் துறவி ஒருவருக்கு வெளிநாட்டு வணிகர்கள் போட்டி போட்டுக் காணிக்கை கொடுத்ததையும், அவர் அந்தப் பணத்தில் நகரின் தெற்கே நிலம் வாங்கிப் பௌத்த மடம் கட்டியதையும் குறித்திருக்கிறார். தெற்கு என்பது ஆற்றை ஒட்டிய பகுதி, சரக்கு இறங்கும் இடம். வெளிநாட்டார் குடியிருப்பு அங்கேதான். 1009இல் கட்டிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதன் உயர்ந்த கல் வாசல் இன்றும் நிற்கிறது. கடல் தெய்வம் மாசுவின் கோயில் அங்கே இருக்கிறது. கிறிஸ்தவக் கல்லறைக் கற்கள் இந்த ஊரில் கிடைத்திருக்கின்றன. பாரசீகத்தில் தோன்றி எங்கெங்கோ அழிந்துபோன மானி சமயத்தின் கோயில் ஒன்று ஊருக்குத் தெற்கே குன்றோரம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது.

மன்னர்கள் அனுப்பிய தூதுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராஜராஜன் அனுப்பிய தூது 1015இல் சுங் தலைநகரை அடைந்தது. 52 பேர், வழியில் 1,150 நாள் ஆனது என்று சீன வரலாறு கணக்கு வைத்திருக்கிறது. நம் விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர் படிக்கும் கல்லூரிக்கு ஏற்பாடு செய்த அதே ராஜேந்திரனின் தூது 1033இல் போனது. அந்தத் தூதர் வெள்ளித் தட்டில் முத்துகளை ஏந்திப் போய், மண்டியிட்டு, பேரரசரின் இருக்கைக்கு அடியில் இறைத்துவிட்டு வந்தார். குலோத்துங்கன் காலத்தில், 1077இல், 72 பேர் போனார்கள். 81,800 சரம் செப்புக்காசு பதில் மரியாதையாகக் கிடைத்தது. பெரிய தொகை. அரசுத் தூது என்ற பெயரில் நடந்ததும் வாணிபம்தான் என்று அறிஞர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

இத்தனைக்கும் பிறகும் சுவான்சோவில் தமிழ்க் கல்வெட்டு எழுந்தது இந்த மன்னர்கள் காலத்தில் அல்ல. அது எப்போது எழுந்தது என்பதைப் பார்த்தால்தான் இந்தக் கதையின் எடை தெரியும்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோழ அரசு ஆட்டம் கண்டுவிட்டது. அதை ஆட்டியவர்களில் ஒருவன் நம் பக்கத்துக்காரன்: காடவன் கோப்பெருஞ்சிங்கன். மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தவன். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சேந்தமங்கலத்துக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு, அது கோயிலா கோட்டையா என்ற சந்தேகம் வந்திருக்கும். சோழனை விடுவிக்க ஹொய்சளன் படையோடு வரவேண்டியிருந்தது. பிறகு பாண்டியர் கை ஓங்கியது. கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனின் கல்வெட்டுகள் 1279ஓடு நின்றுவிடுகின்றன.

அதே ஆண்டு சீனத்திலும் ஓர் அரசு முடிந்தது. மங்கோலியரான குப்லாய் கான் 1276இலேயே சுங் தலைநகரைப் பிடித்துவிட்டார். சிறுவனான பேரரசரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் கரையோரமாகத் தெற்கே ஓடின. சுவான்சோவில் அப்போது செல்வாக்கோடு இருந்தவர் பூ ஷௌகெங் என்ற முஸ்லிம் வணிகர். கடல் வாணிபம் அவர் கையில். கப்பல்கள் அவர் கையில். அவர் சிறுவனுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஊரில் இருந்த சுங் அரச குடும்பத்தாரைக் கொன்று, ஊரை மங்கோலியரிடம் ஒப்படைத்தார். 1279இல் யாமென் கடற்போரில் சுங் வம்சம் மொத்தமாக முடிந்தது.

இங்கே சோழர் முடிந்தார்கள். அங்கே சுங் முடிந்தது. இரண்டே ஆண்டு கழித்து, சக ஆண்டு 1203இல், சித்திரை மாதம் சித்திரை நட்சத்திரத்தன்று, சுவான்சோவில் தமிழர்கள் சிவனைப் பிரதிஷ்டை செய்தார்கள். ஆங்கிலக் கணக்கில் 1281 ஏப்ரல். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரைக்கு வண்டி கட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த நாளின் விசேஷத்தைச் சொல்ல வேண்டாம். சம்பந்தப்பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது கல்வெட்டு. பெயரைப் பார்த்தால் சைவத் துறவியாகத்தான் தோன்றுகிறது. கானின் உடல்நலத்துக்காக, கானின் பர்மான்படி, அதாவது ஆணைப்படி, இதைச் செய்ததாகவும் கல் சொல்கிறது. தமிழ் எழுத்து, நடுவே கிரந்தம், அதற்குள் ஒரு பாரசீகச் சொல், கடைசியில் சீனத்தில் ஒரு வரி. வெட்டியது மங்கோலியர் ஆண்ட ஊரில்.

கல்லில் எந்தத் தமிழ் மன்னன் பெயரும் இல்லை. சோழன் இல்லை, அப்போது மதுரையில் ஆண்டுகொண்டிருந்த மாறவர்மன் குலசேகர பாண்டியனும் இல்லை. படை நடத்தி வாங்கிய இடமும் இல்லை. சொந்த ஊரில் அரசு மாறி, வந்த ஊரிலும் அரசு மாறி, இரண்டு பக்கமும் யாரை நம்புவது என்று தெரியாத நேரத்தில், வணிகக் கூட்டம் ஒன்று புதிய ஆட்சியாளரிடம் போய் முறையாக அனுமதி வாங்கி, அவருக்காக வேண்டிக்கொண்டு, தன் சாமிக்கு ஒரு வீடு கட்டியிருக்கிறது. சோழர்கள் போன பிறகும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. சரக்கு, கடன், வாக்கு, உறவு என்று அவர்கள் கட்டிவைத்த பின்னல் எந்த ஒரு மன்னனையும் நம்பி இருக்கவில்லை. இதைத்தான் நான் பெரிய கதை என்றேன். கடாரம் வென்ற படையைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். 1281இல் இந்தக் கல்லை நட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படிக்கும் காலத்தில் இருந்ததில்லை.

இன்னும் ஒன்று. அதே 1281இன் தொடக்கத்தில் குப்லாயின் தூதர் யாங் டிங்பி சுவான்சோவிலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்டார். மூன்று மாதம் கழித்து இலங்கையை அடைந்தார். எதிர்க்காற்று, சாப்பாடும் தீர்ந்துகொண்டிருந்தது. மாலுமி சொன்ன யோசனைப்படி பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். சுவான்சோவில் தமிழ்க் கல் எழுந்த அந்தப் பருவத்தில், சுவான்சோவின் கப்பல் ஒன்று தமிழ்க் கரையில் நின்றிருக்கிறது. யாங் டிங்பி அங்கே சந்தித்தவர்களில் ஒருவர், சீன ஏடுகள் பூ-அ-லி என்று எழுதும் முஸ்லிம் பிரமுகர். பாண்டிய அரசில் பெரிய இடத்தில் இருந்தவர். அங்கே மனக்கசப்பு முற்றி, 1291 வாக்கில் சீனத்துக்கே போய்க் குடியேறிவிட்டார். 1299இல் இறந்த அவரை அடக்கம் செய்தது சுவான்சோவில்.

கோயில் எப்படி இருந்தது என்பதை உதிரிக் கற்கள் காட்டுகின்றன. சுவான்சோவில் கிடைத்த இந்து சமயச் சிற்பக் கற்கள் இருநூறுக்கும் மேல். பெரும்பாலும் பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். ஒன்றில் ஒரு மாடம். அதற்குள் மரத்தடியில் லிங்கம். எதிரே யானை, துதிக்கையில் தாமரை ஏந்தி நிற்கிறது. பார்த்தவுடன் திருவானைக்கா நினைவுக்கு வரும். இன்னொன்றில் பசு லிங்கத்தின் மேல் பால் சொரிகிறது. இரண்டும் நம் தலபுராணங்களில் ஊறிய காட்சிகள். செதுக்கிய கை மட்டும் உள்ளூர்க் கை. யானையின் உடலும், மாடத்தைச் சுற்றிய பூவேலையும், முகங்களின் அமைப்பும் சீனக் கல்தச்சர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. தமிழர் ஒருவர் பக்கத்தில் நின்று, தும்பிக்கை இப்படி, பூ இந்த அளவு என்று சொல்லச் சொல்ல அவர்கள் உளி பிடித்திருக்க வேண்டும். லிங்கத்தையே அதற்கு முன் பார்த்திராத கைகள்.

அந்தக் கற்களிலேயே மிக அழகானவற்றைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம்; கையுவான் விகாரைக்குப் போக வேண்டும். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில் அது. அதன் இரண்டு கல் கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர். பெரிய புத்தர் மண்டபத்தின் பின்பக்கம் போனால் இரண்டு தூண்கள். பதினாறு பட்டை. மேலும் கீழும் கட்டுக்கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் வட்டம் வட்டமாகச் சிற்பம். ஒரு வட்டத்தில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கிறார். ஒன்றில் கஜேந்திர மோட்சம். ஒன்றில் கண்ணன் ஆயர் பெண்களின் சேலைகளோடு மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஒன்றில் இரட்டை மருத மரங்களுக்கு நடுவே. பக்கத்து வட்டத்திலேயே சுத்தமான சீனப் பூ வேலை. மண்டபத்தின் மேடை அடிவரியில் சிங்கங்களும் மனித முகம் கொண்ட சிங்க உருவங்களுமாக எழுபதுக்கு மேற்பட்ட புடைப்புகள். எல்லாம் இடிந்த கோயிலிலிருந்து கொண்டுவந்து பொருத்தியவை. ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுப் போகும் மக்களின் தலைக்கு மேலே, புத்தர் மண்டபத்தின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நரசிம்மர் நிற்கிறார்.

இடித்தது எது? மங்கோலியரின் யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை, சுவான்சோவில் பாரசீகப் படைப்பிரிவின் கலகம் நடந்தது. அதை அடக்கியபோது வெளிநாட்டார் மேல் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து வெடித்தது, பெரிய படுகொலை. பிறகு வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிபத்துக்குத் தடை போட்டது. ஆறு கொண்டுவந்த மண்ணும் துறையைத் தூர்த்தது. வாணிபம் வேறு துறைகளுக்குப் போனது. கோயில் கற்கள் மதில் பழுதுபார்க்கவும், படி கட்டவும், வீட்டுச் சுவருக்கும் போயின. கடலுக்குள்ளும் மிச்சம் இருந்தது. 1974இல் ஹௌச்சு துறையின் சேற்றிலிருந்து ஒரு கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். மிஞ்சிய பகுதியே 24 மீட்டர் நீளம். நீர் புகாத தடுப்புகளால் பிரிந்த 13 அறைகள். ஒன்று உடைந்தாலும் கப்பல் மூழ்காது. உள்ளே 2,400 கிலோ வாசனைக் கட்டை, கூடவே மிளகு, சாம்பிராணி, சோழி. தெற்கிலிருந்து திரும்பி வந்து, கரை தொட்ட இடத்தில் அமிழ்ந்த கப்பல். அதன் காசுகளைப் பார்த்தால் 1271க்குப் பிந்தியது. சம்பந்தப்பெருமாளின் தலைமுறை.

மதிலுக்குள் போன கற்கள் வெளியே வந்தது 1920களிலும் 30களிலும், சாலைக்காக மதிலை இடித்தபோது. அப்போது ஊரில் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். இடிபாட்டில் தெரியாத எழுத்தோ உருவமோ உள்ள கல் எது கண்ணில் பட்டாலும் கேட்டு வாங்கி வீட்டில் சேர்த்தார். அரபு, சிரியாக், தமிழ் எதுவும் படிக்கத் தெரியாதவர். ஆனால் எறியக் கூடாது என்பது தெரிந்திருந்தது. பிறகு அத்தனையையும் அரசுக்குக் கொடுத்துவிட்டார். சுவான்சோவின் சமயக் கற்களைப் பற்றி 1957இல் அவர் எழுதிய புத்தகம்தான் இன்றைக்கும் அடித்தளம். தமிழ்க் கல்வெட்டு 1956இல் கிடைத்தது. இப்போது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் டி.என். சுப்பிரமணியமும், ஜப்பானியத் தமிழறிஞர் நொபுரு கராஷிமாவும் அதைப் படித்து எழுதினார்கள். நம் மாவட்டத்துக் கிராமங்களில் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் எழுத்துக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். ஊருக்கு ஒருவர் போதும்.

சுவான்சோவுக்குப் பக்கத்தில் செதியான் என்று ஒரு கிராமம். அங்கே சிறு கோயிலில் ஒரு பெண் தெய்வத்துக்குத் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், கருணை தெய்வம். நாற்கரம், காலடியில் மிதிபட்ட அசுரன். நம்மூர் மனிதர் யாரிடம் படத்தைக் காட்டினாலும் அம்மன் என்றுதான் சொல்வார். பெயர் மாறியிருக்கிறது, விளக்கு அணையவில்லை.

2021 ஜூலையில் யுனெஸ்கோ, சுவான்சோவின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காற்றுக்கு வேண்டிய குன்று, ஆளிப் பாலம், கையுவான் விகாரை, பள்ளிவாசல், மானி கோயில், தெற்கு வாசலின் அடித்தளம், சட்டி சுட்ட சூளைகள் எல்லாம் அதில் உண்டு.

நம் பக்கத்துச் சாட்சிகளைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூட்டேரிப்பட்டில் கிழக்கே திரும்பிப் புதுச்சேரி போய், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டுக்குப் போகலாம். ரோமானியக் கண்ணாடிக்கும் மதுச்சாடிக்கும் பேர்பெற்ற மேடு. மார்டிமர் வீலர் 1945இல் தோண்டியபோது மேல் அடுக்குகளில் கிடைத்தவற்றில் சுங், யுவான் காலத்துப் பச்சைப் பூச்சுப் பீங்கான் ஓடுகளும் உண்டு. ரோமானியச் சாடிகளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. இந்தப் பச்சை ஓடுகளைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும். ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் குவியலாகக் கிடைத்திருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒலயக்குன்னம், விக்கிரமம், தாலிக்கோட்டை ஊர்களில் சீனச் செப்புக்காசுகள் புதையலாக வெளிப்பட்டிருக்கின்றன. நடுவில் சதுர ஓட்டை போட்ட காசு. குலோத்துங்கனின் தூதர்களுக்குச் சரம் சரமாகக் கொடுத்த அதே வகை.

சுவான்சோவின் துறை தூர்ந்த பிறகு, ஊர் மக்களே கப்பலேறினார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று போய்க் குடியேறிய ஹொக்கியன் மக்களில் பெரும்பகுதி சுவான்சோ, சாங்சோ வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். அதே துறைகளுக்குத் தமிழர்களும் போனார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில், அந்நாளில் கடல் அந்தத் தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது, சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828இல் நாகூர் தர்கா ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1839இல் அதே தெருவில், சில கட்டடம் தள்ளி, ஹொக்கியன் மக்கள் தங்கள் மாசு தெய்வத்துக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். இரண்டும் இருக்கின்றன. பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லத்தான் இரண்டு கூட்டமும் அங்கே போயின.

சீனர்கள் நம் கரையில் விட்டுப்போன தடம் ஒன்று பாக்கி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுச் சீன வணிகர் வாங் தாயுவான், நம் கரையில் ஒரு செங்கல் கோபுரத்தையும் அதில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்தையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதுவாக இருக்கலாம் என்று கருதப்படும், நாகப்பட்டினத்தில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்றிருந்த மூன்று நிலைக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். அதை இடிப்பதற்கு முன் நடந்த வழக்காடல்களும் கடிதங்களும் தனிக் கதை. அடுத்த வாரம் நாகப்பட்டினம்.

(தொடரும்)